காலப்பயணக் கதைக்கு எந்த ஊழி?

கடந்த ஒரு வருடத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று காலப்பயணக் கதைகள் வந்தன. ராயபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டிப் பேசிக்கொள்கிற சின்னக் கூட்டம் அது. மூன்று கதைகளும் நன்றாகத்தான் கிளம்பின. வண்டி வேலை செய்தது, ஆள் ஏறி உட்கார்ந்தார், பிரபஞ்சத்தின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மூன்றும் நின்றுவிட்டன. காசிமேட்டுத் தம்பி கேட்ட கேள்விதான் மற்ற இருவருக்கும்: "அண்ணா, அங்க போய் இறங்கிட்டான். இப்ப அவன் என்ன பண்ணுவான்?"

மூவரும் எந்த முடிவுக்குப் போகிறோம் என்று பார்க்காமலே கிளம்பியிருந்தார்கள். பிரபஞ்சத்தின் முடிவு என்று ஒற்றையில் சொல்லிவிடுகிறோமே தவிர, இயற்பியல் அதற்குப் பல வழிகளை வைத்திருக்கிறது. ஒன்றில் இருட்டு நீண்டுகொண்டே போகும், கடைசி என்று ஒரு நாளே வராது. இன்னொன்றில் கடைசிக்கு அரை மணி நேரம் முன்னால் காலடியில் இருக்கிற கிரகம் சிதறும். வேறொன்றில் என்ன ஆனது என்று உணர்வதற்குள் உணர்கிறவரே இருக்கமாட்டார். ஒரே ஆளை, ஒரே கதையை, இந்த மூன்றிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க முடியாது. எந்த முடிவைத் தேர்கிறீர்களோ, அதுதான் உங்கள் ஆளுக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்லும். அந்த மூவருக்கும் மாடியில் துண்டு துண்டாகச் சொன்னதை, இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

## முதலில் வண்டியைப் பாருங்கள்

காலப்பயண வண்டிகள் இரண்டு வகை. முன்னோக்கி மட்டும் போகிற வண்டிக்கு மாயம் எதுவும் வேண்டாம், ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்ன சார்பியலே போதும்: ஒளியின் வேகத்தை நெருங்குகிறவருக்குக் காலம் மெதுவாக ஓடும். பூமியின் ஈர்ப்பு அளவுக்குத் தொடர்ந்து வேகம் கூட்டிக்கொண்டே போகும் கப்பலில் 12 வருடம் கழிந்தால், வெளியே ஒரு லட்சம் வருடத்துக்கு மேல் ஓடியிருக்கும். கப்பலில் 24 வருடம் கழிந்தால் வெளியே 2,500 கோடி வருடத்தைத் தாண்டிவிடும். இது விண்வெளி விரிவதைச் சேர்க்காத எளிய கணக்கு. ஆனாலும் ஒரு மனித ஆயுளுக்குள் பிரபஞ்சத்தின் வயதையே தாண்டலாம் என்பது அதில் தெரிகிறது. அந்த வயது இப்போது 1,380 கோடி.

இரண்டாவது வகை, போய்விட்டுத் திரும்புகிற வண்டி. கணிதவியலாளர் கர்ட் கோடல் 1949-இல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள்ளேயே இறந்தகாலத்துக்குப் பாதை உள்ள, மொத்தமாகச் சுழலும் ஒரு பிரபஞ்சத்தைக் கணக்கில் காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தடயம் இல்லை. இருந்தாலும் வாசகர்கள் இந்த வண்டியை ஒரே வரியில் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு நான்கு பக்கம் விளக்கம் வேண்டியதில்லை.

ஒப்புக்கொண்ட உடனே சிக்கல் வருகிறது. திரும்பி வர வண்டி வைத்திருக்கிறவருக்கு எந்த அழிவும் ஆபத்தாக இருக்காது. பிடிக்கவில்லை என்றால் ஏறிக் கிளம்பிவிடலாம். எல்லாருக்கும் கெடு நாளாக இருப்பது, அவருக்குப் போய்ப் பார்த்து வருகிற இடமாகிவிடுகிறது. ஆகவே நான் எதற்கும் முன்னால் கேட்பது இதைத்தான்: இந்த முடிவில் திரும்பும் வழி எப்போது, எதனால் அடைபடுகிறது? இதற்குப் பதில் இல்லாத கதையில் எவ்வளவு பெரிய பிரளயம் வந்தாலும், உங்கள் ஆள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்.

அடுத்து, அந்த முடிவு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேர் பேசி முடிக்க அதில் இடம் இருக்கிறதா? பிறகு, ஆள் நிற்கத் தரையும் பார்க்க வெளிச்சமும் உண்டா? கடைசியாக மறைவான செலவு. எழுத உட்கார்ந்த பிறகுதான் அது தெரியவரும். எத்தனை பக்கம் விளக்கம் கேட்கிறது, எந்த ஓட்டையை அடைக்கச் சொல்கிறது, வாசகரை எதை எதையெல்லாம் நம்பச் சொல்கிறது என்பவை.

## பூமியோடு நிறுத்திக்கொள்வது

சூரியனின் சாவையே முடிவாக வைத்துக்கொள்வது பழைய வழி. ஹெச்.ஜி. வெல்ஸ் 1895-இல் தன் பயணியை மூன்று கோடி வருடத்துக்கும் அப்பால் கொண்டுபோய், சிவந்து மங்கிய சூரியனுக்குக் கீழே குளிர்ந்த ஒரு கடற்கரையில் நிறுத்தினார். மூன்று கோடி இன்று சின்ன எண்ணாகத் தெரியும். நட்சத்திரம் எதனால் எரிகிறது என்று தெரியாத அந்தக் காலத்தில் கெல்வின் போன்ற பெரிய அறிஞர்களே சூரியனுக்குச் சில கோடி வருடங்களுக்கு மேல் ஆயுள் கொடுக்கத் தயங்கினார்கள். அன்றைய அறிவியலுக்கு வெல்ஸ் நேர்மையாகவே இருந்தார்.

இப்போதைய கணக்கில் சூரியன் முதலில் குளிர்வதில்லை, சூடாகிறது. இன்னும் 100 கோடி வருடத்தில் அதன் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். அதற்கே பூமியின் கடல்கள் ஆவியாகத் தொடங்கிவிடும். 500 கோடி வருடம் போல ஆனால் சூரியன் ஊதிச் சிவந்த ராட்சத நட்சத்திரமாகி, பிறகு சுருங்கி, வெண்குள்ளன் என்கிற சின்ன, அடர்ந்த நட்சத்திரமாகக் கிடக்கும். வெண்குள்ளன் எவ்வளவு எடை தாங்கும் என்ற வரம்பு, சூரியனைப் போல 1.4 மடங்கு, நம் மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும்போது போட்டுப் பார்த்த கணக்கிலிருந்து வந்தது. கதையில் பயன்படாவிட்டாலும் இது நம்மூர்க்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

காசிமேட்டுத் தம்பியின் கதை இந்த முடிவில்தான் நடக்க வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றியது. அதன் முதல் பக்கத்திலேயே ஒரு ஆயா கடலைப் பார்த்துக் கைநீட்டி, "அங்கதான் எங்க வூடு இருந்துச்சு" என்கிறார். எங்கள் கரையில் இது கற்பனை இல்லை. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதிலிருந்து, தெற்கேயிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அதில் தடுக்கப்பட்டு மெரினாவில் சேர்ந்தது. வடக்கே எங்களுக்கு மணல் வரத்து நின்று கரை தேய்ந்தது. தூண்டில் வளைவுகளாகக் கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் மிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கடல் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிற ஊரில் பிறந்தவன், கடலே வற்றிப்போன அதே கரையில் போய் இறங்குகிறான். உப்புப் படிந்த பள்ளத்தில் அவன் நடக்கத் தொடங்கினால் ஆயாவின் வீடு இருந்த இடத்தையே மிதிக்கலாம். மற்ற எந்த முடிவும் அவனுக்கு இதைத் தராது.

செலவு என்னவென்றால், அந்தக் கரை அங்கே இருக்காது. நிலத்தட்டுகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் என்றே வைத்தாலும் 100 கோடி வருடத்தில் அது 50,000 கிலோமீட்டர், பூமியைச் சுற்றி வரும் தூரத்தைவிட அதிகம். காசிமேடு என்ற இடத்தை வண்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஒரு பதில் வேண்டும். நிலத்தோடு கட்டப்பட்ட வண்டி, கல்லில் அடித்த முளை, எதுவானாலும் சரி, முதல் பக்கங்களிலேயே போட்டுவிட வேண்டும். இன்னொன்று: வானத்தில் மற்ற நட்சத்திரங்கள் இருக்கும்போது இதைப் பிரபஞ்சத்தின் முடிவு என்று சொல்லாதீர்கள். ஒரு ஊரின் முடிவு என்றே சொல்லுங்கள், அது குறைவில்லை.

திரும்பும் வழி? இங்கே தானாக அடைபடாது. கதையில் வேறு எதையாவது வைத்து நீங்கள்தான் அடைக்க வேண்டும்.

## உறைவு

இன்றைய அளவீடுகளுக்கு மிக நெருக்கமான முடிவு இதுதான். 1998-இல் இரண்டு குழுக்கள் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சாகும் நட்சத்திரங்களை, அளந்து பார்த்தபோது, பிரபஞ்சம் விரிகிற வேகமே கூடிக்கொண்டு போவது தெரிந்தது. அதற்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவரும் 2011-இல் நோபல் பெற்றார்கள். இது இப்படியே போனால், 10,000 கோடி வருடத்துக்கு மேல் அக்கம்பக்கத்தில் உள்ளவை தவிர மற்ற விண்மீன் மண்டலங்கள் பார்வைக்கு எட்டாமல் போகும். ஏறக்குறைய ஒரு கோடி கோடி வருடத்தில் புது நட்சத்திரம் பிறப்பது நிற்கும். பிறகு கருந்துளைகளின் காலம். ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் காட்டியபடி அவையும் மெதுவாக ஆவியாகும். சூரியன் எடையுள்ள ஒன்றுக்கு, 1-க்குப் பின்னால் 67 பூச்சியம் போட்ட வருடங்கள். மிகப் பெரியவற்றுக்கு 100 பூச்சியம்.

இந்த எண்களைத் தமிழில் எழுதினால் வரி செத்துவிடுகிறது என்று தண்டையார்பேட்டைத் தங்கச்சி அலுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் பரிபாடல் நினைவுக்கு வந்தது. அதன் இரண்டாம் பாட்டில் கீரந்தையார் ஊழிகளின் நீளத்தை நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்ற பேரெண்களால் எண்ணுகிறார். ஒரு பாத்திரம் "மூன்று ஆம்பல் வருடம் ஆச்சு" என்று சொல்லட்டும். எத்தனை பூச்சியத்துக்கு எந்தப் பூ என்று கதைக்குள் நீங்கள் வகுத்துக்கொண்டால் போதும். வாசகர் பூச்சியங்களை எண்ணாமல் அந்த இருட்டின் நீளத்தை உணர்வார்.

உறைவின் பலவீனம், அதில் எதுவும் நடப்பதில்லை. இங்கே இருட்டு, அங்கே இருட்டு, ஆளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். இந்த முடிவைத் தேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தத்துவம் பேசத் தொடங்கிவிடுவது இதனால்தான். அதற்குப் பதில், அந்த நீளத்துக்குள் ஒரு குறிப்பிட்ட கணத்தைத் தேடிப் பிடியுங்கள். கடைசிக் கருந்துளையின் கடைசிக் கணம் இருக்கிறதே, அது ஒன்று. ஹாக்கிங்கின் கணக்குப்படி ஒரு கருந்துளை தன் இறுதிப் பத்தில் ஒரு விநாடியில் வெளிவிடும் ஆற்றல், ஒரு மெகாடன் ஹைட்ரஜன் குண்டுகள் பத்து லட்சத்துக்குச் சமம். நட்சத்திர அளவில் பார்த்தால் அது சின்ன வெடிப்பு. ஆனால் எல்லாம் அணைந்த வானத்தில் அதுதான் கடைசி வெளிச்சம். அதற்காகச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வது என்று வைத்தால் ஆளுக்கு வேலை வந்துவிடுகிறது, தவறிப்போகவும் வாய்ப்பு வந்துவிடுகிறது.

இனி மறைவான செலவு. நான் பார்த்த வரைவுகள் எல்லாம் தடுக்கி விழுந்த இடம் இது. உறைவு என்றால் குளிர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எல்லா இடமும் ஒரே வெப்பநிலைக்கு வந்து, வேலை செய்யப் பயன்படும் வேறுபாடு எதுவும் மிஞ்சாத நிலைதான் உறைவு. அங்கே ஒரு ஆள் 37 டிகிரி உடம்போடு போய் இறங்கினால், அவர்தான் அந்தப் பக்கத்திலேயே சூடான பொருள். கடந்த காலத்திலிருந்து வண்டி வந்து போக முடியும் என்றால் வேறுபாட்டையும் கொண்டுவர முடியும். ஒரு கூடை நிலக்கரியும் அதை எரிக்கக் காற்றும் ஏற்றி வந்தால், பிரபஞ்சம் இன்னும் சாகவில்லை என்று ஆகிவிடும். இந்த ஓட்டையை நீங்கள் பார்க்காவிட்டாலும் ஒரு வாசகர் பார்ப்பார்.

இதைச் சொன்னபோது தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுடைய அப்பா எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி எரிவதையும், அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை எப்படி மேடாக்கியது என்பதையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். "அப்ப கரி கொண்டு போறவனோட கதைய எழுதலாமாண்ணா?" என்றாள். ஓட்டையையே கதையாக்குவது என்பது இதுதான். எங்கிருந்து எடுக்கிறார்கள், யாருடைய பங்கை எடுக்கிறார்கள், சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள் என்று எங்கள் ஊர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விகளைக் காலத்தின் கடைசி வரை கொண்டுபோகலாம்.

## சுருக்கம்

விரிவது ஒரு நாள் நின்று, திரும்பி, எல்லாம் ஒன்றுகூடி நசுங்குவது. 1998-க்குப் பிறகு இதை ஏறக்குறைய மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். பிரபஞ்சம் விரிவதை அளக்க அரிசோனாவில் இயங்கும் டெசி கருவியின் 2024, 2025 முடிவுகள், விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுக்குறையக்கூடும் என்று காட்டியதில் பேச்சு மறுபடி தொடங்கியிருக்கிறது. வலுக்குறைந்தால் மட்டும் போதாது, ஈர்க்கும் பக்கம் திரும்பினால்தான் சுருக்கம் வரும். கதை எழுத இந்த அளவு கதவு திறந்திருந்தால் போதும்.

இதில் நான் மிகவும் விரும்புவது வெப்பம். பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த ஒளியின் மிச்சம் இப்போது வானம் முழுக்க 2.7 கெல்வினில், அதாவது ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரியில், இருக்கிறது. பிரபஞ்சம் சுருங்கச் சுருங்க அதுவும் சூடாகும். இன்றைய அளவில் 110-இல் ஒரு பங்காகும்போது வானம் 300 கெல்வினைத் தொடும், அதாவது 27 டிகிரி. 115-இல் ஒரு பங்கானால் 40 டிகிரி. சூரியன் இருக்கிற திசை மட்டுமில்லை, வானத்தின் எல்லாத் திசையும், பகலும் இரவும். அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன ராத்திரியில், தகரக் கூரையின் கீழே விசிறிமட்டையோடு படுத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சூட்டை இறக்கி வைக்க ஒரு இடம் இல்லாமல் போவதுதான் அது. பிறகு ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டாயிரத்துக்கு ஒன்று என்று குறைந்தால் வானமே சூரியனின் மேற்பரப்பு அளவுக்குக் கொதிக்கும். நடுவில் மனிதர் வாழக்கூடிய காலம் நீளமாக இருக்கிறது, ஆகவே பெரிய நாவலுக்கு ஏற்றது.

திரும்பும் வழியையும் இது தெளிவாக அடைக்கிறது. கடைசி நாள் என்று ஒன்று உண்டு, அதற்குப் பின்னால் தேதியே இல்லை. வண்டியின் முள்ளை அதைத் தாண்டி வைத்தால் என்ன ஆகும் என்பதே ஒரு கதை. போல் ஆண்டர்சன் 1970-இல் எழுதிய நாவலில், வேகம் குறைக்க முடியாமல் போன ஒரு கப்பல் இந்தச் சுருக்கத்தையே கடந்து அடுத்த பிரபஞ்சத்துக்குள் போகிறது. முன்னோக்கி மட்டும் போகும் வண்டியை வைத்துக்கொண்டே முழுக்கதை எழுதலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

காலப்பயணம் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு ஆசை வரும்: சுருங்கும்போது காலமும் பின்னோக்கி ஓடும், செத்தவர்கள் எழுந்து வருவார்கள். ஹாக்கிங்கே 1980-களில் ஒருமுறை அப்படி நினைத்தார். டான் பேஜும் ரேமண்ட் லஃப்லாமும் சுட்டிக்காட்டிய பிறகு, தான் நினைத்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சுருங்குகிற பிரபஞ்சத்திலும் உடைந்த பானை உடைந்ததாகவே கிடக்கும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். வெந்துகொண்டிருக்கும் வானத்தின் கீழேயும் முன்னோக்கித்தான் வயதாகிறது என்பதில் வலி அதிகம்.

## கிழிவு

இயற்பியலாளர்கள் கால்டுவெல், கமியோன்கோவ்ஸ்கி, வைன்பெர்க் மூவரும் 2003-இல் போட்ட கணக்கு இது. இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுப்பெற்றால் பெரியதில் தொடங்கிச் சிறியது வரை எல்லாக் கட்டும் அவிழும். அவர்கள் எடுத்துக்காட்டாக வைத்த அளவுகளில் முடிவு 2,200 கோடி வருடம் தள்ளி. அதற்கு 6 கோடி வருடம் முன்னால் பால்வெளி மண்டலம் கலைகிறது. மூன்று மாதம் முன்னால் சூரியக் குடும்பம் பிரிகிறது. முப்பது நிமிடம் முன்னால் பூமி சிதறுகிறது. கடைசியில், விநாடியின் நினைக்க முடியாத ஒரு துளிக்கு முன்னால், அணுக்கள்.

நிமிடக் கணக்குப் போட்டு எழுதும் சிறுகதைக்கு இதைப் போல வேறு கிடையாது. வியாசர்பாடி அக்காவுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். வடசென்னைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் அவருடைய தங்கை வீடும் ஒன்று. நகரத்தின் இன்னொரு முனை, இரண்டு பஸ் மாற வேண்டும். முதலில் கல்யாணம் காட்சிக்குப் போவது குறைந்தது, பிறகு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு நின்றது, பிறகு போன். தூரத்துக் கட்டு முதலிலும் நெருங்கிய கட்டு கடைசியிலும் அறுகிற வரிசையை அந்தக் குடும்பம் பார்த்துவிட்டது.

ஆனால் இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. 500 கோடியில் சூரியன் முடிந்துபோகும்போது 2,200 கோடியில் சிதறப் பூமி ஏது? வேறொரு நட்சத்திரத்தின் கிரகம் வேண்டும், அங்கே ஏன் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், அதற்குள் கதையின் பாதி போய்விடும். அந்த ஆற்றல் அவ்வளவு வலுவாக இருக்கும் என்பதற்கு அளவீடுகளின் ஆதரவும் குறைவு. திரும்பும் வண்டி இருந்தால் முடிவுக்கு 31 நிமிடம் இருக்கும்போதே கிளம்பிவிடலாம் என்பதையும் மறக்காதீர்கள். முன்னோக்கி மட்டும் போகும் வண்டியில் வந்து மாட்டிக்கொண்டவருக்கு இது பொருந்தும்.

## வெற்றிடச் சிதைவு

சிட்னி கோல்மனும் ஃபிராங்க் டி லூச்சியாவும் 1980-இல் எழுதியது. வெற்றிடம் என்று நாம் நினைப்பது அடிமட்டமாக இல்லாமல் ஒரு படிக்கட்டாக இருந்தால், எங்கேயாவது ஒரு புள்ளி கீழ்ப் படிக்கு இறங்கி, ஒரு குமிழியாகி, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விரியும். உள்ளே நம் வேதியியல் இருக்காது. 2012-இல் கண்டுபிடித்த ஹிக்ஸ் துகளின் எடையை வைத்துப் போட்ட கணக்குகள், நம் வெற்றிடம் அப்படி ஒரு படிக்கட்டில் இருக்கக்கூடும் என்றே காட்டுகின்றன. இறங்க எடுக்கும் காலம் பிரபஞ்சத்தின் இன்றைய வயதைவிடப் பற்பல மடங்கு.

பார்க்க ஒன்றும் இல்லை. ஒளியோடு ஒளியாக வருவதால் வருகிறது என்ற செய்தியே வராது. சாதாரண அறிவியல் கதைக்கு இது உதவாத முடிவு, முதல் வரியிலேயே கதை தீர்ந்துவிடும். காலப்பயணக் கதைக்கோ, நான் பார்த்தவரை, இதற்கு ஈடு இல்லை. காரணம் திரும்பும் வழி. செவ்வாய்க்கிழமைக்கு அனுப்பிய வண்டி திரும்பி வருகிறது. புதனுக்கு அனுப்பியது வருகிறது. வியாழனுக்கு அனுப்பியது வரவில்லை. வெள்ளிக்கு அனுப்பியதும் வரவில்லை. வானம் தெளிவாக இருக்கிறது, கடலில் ஒன்றும் இல்லை, லாஞ்சுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. வண்டி வராத வெறும் இடத்தைப் பார்த்து ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த அறிவு வேறு எந்த வழியிலும் யாருக்கும் கிடைக்காது. காலப்பயணம் இல்லாவிட்டால் கதையே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே முடிவு இதுதான்.

எச்சரிக்கை இல்லாமல் வருவது என்றால் என்ன என்று எங்கள் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஒரு மையமே அப்போது இல்லை. ஹைதராபாத்தில் அது வந்தது 2007-இல். அந்தக் காலையில் கரையில் நின்றவர்களிடம், உங்களுக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போயிருப்போம். இந்தக் கதையில் மேடே இல்லை. தெரிந்தும் கூட்டிப்போக இடம் இல்லை என்றால் சொல்வதா வேண்டாமா? கதை முழுக்க அந்தக் கேள்வியில் நிற்கும்.

செலவு பெரியதுதான். வண்டியை நம்பச் சொல்கிறோம், அத்தனை கோடி கோடி வருடத்தில் எப்போதோ நடக்கக்கூடியது அடுத்த வாரம் நடக்கிறது என்றும் நம்பச் சொல்கிறோம். ஏதோ ஒரு ஆய்வகம் குமிழியைக் கிளப்பிவிட்டது என்று சமாளிக்கத் தோன்றும். வேண்டாம். நம் இயந்திரங்களைவிட வலுவான மோதல்கள் காஸ்மிக் கதிர்களால் வானத்தில் எப்போதும் நடந்துகொண்டிருக்கின்றன, அவற்றால் ஒன்றும் ஆகவில்லை என்று பீட் ஹட்டும் மார்ட்டின் ரீஸும் 1983-இலேயே காட்டிவிட்டார்கள். காரணமே சொல்லாமல் விடுவதுதான் மேல். கண்ணுக்குக் காட்சி கிடையாது என்பதால் மனிதர்களை எழுதத் தெரியாதவர் இதைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

## மறுபடி பிறப்பது

ஊழி முடிந்து ஊழி பிறப்பது நமக்குப் பழக்கமான எண்ணம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருடம் என்று புராணக் கணக்கு. ஸ்டைன்ஹார்ட்டும் டூராக்கும் 2002 வாக்கிலும், பென்ரோஸ் 2010 வாக்கிலும் அவரவர் வழியில் சுழலும் பிரபஞ்சங்களை முன்வைத்தார்கள். எழுத எளிது, வாசகருக்கும் விளக்க வேண்டாம்.

அந்த எளிமைக்காகத்தான் நான் தயங்குகிறேன். எல்லாம் மறுபடி வரும் என்றால் எதுவும் போகவில்லை என்றாகிவிடுகிறது. கதையில் இழப்பு நிற்காது. நம் முன்னோர் அப்போதே சொன்னார்கள் என்ற பெருமைக்கும் கதை வழுக்கிவிடும். சுழற்சியை வைத்தே தீர வேண்டும் என்றால், ஒரு ஊழியிலிருந்து அடுத்ததற்குப் போகாத ஒரு பொருளையாவது வையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| முடிவு | எப்போது | நிற்க முடியுமா | திரும்பும் வழி | யாருக்கு |
|---|---|---|---|---|
| பூமியின் முடிவு | 100 முதல் 500 கோடி | முடியும் | தானாக அடைபடாது | ஊரைப் பற்றி எழுதுகிறவருக்கு |
| உறைவு | 100 பூச்சியம் வரை | வண்டிக்குள் இருந்து | தானாக அடைபடாது | ஒரு கணத்தைத் தேடிப் போகிறவருக்கு |
| சுருக்கம் | தெரியாது | பாதி வழி வரை | கடைசி நாளில் | நாவலுக்கு |
| கிழிவு | 2,200 கோடி, நடந்தால் | அரை மணி நேரம் முன்பு வரை | கடைசி நிமிடங்களில் | முன்னோக்கி மட்டும் போகும் வண்டிக்கு |
| வெற்றிடச் சிதைவு | எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் | முடியாது | அந்த நாளோடு | திரும்பும் வண்டிக்கு |

## மூவரும் எடுத்த முடிவு

காசிமேட்டுத் தம்பி பூமியோடு நிறுத்திக்கொண்டான். தலைப்பில் இருந்த பிரபஞ்சம் என்ற சொல்லை அடித்துவிட்டு, ஆயாவின் தெருப் பெயரை வைத்திருக்கிறான். வண்டி இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு தூண்டில் வளைவின் கருங்கல்லையே முளையாக்கியிருக்கிறான். அந்தக் கல் 100 கோடி வருடம் தாங்குமா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தங்கச்சி உறைவிலேயே இருக்கிறாள். கரி ஏற்றிப் போகிற வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை எடுக்கிறார்கள், அவர்களுக்கு எந்த வருடத்துக் கூலி என்பதில் கதை தொடங்குகிறது. ஆம்பலும் குவளையும் சம்பளச் சீட்டில் வருகின்றன. இது எனக்குத் தோன்றியிருக்காது.

வியாசர்பாடி அக்காவுக்கு நான் சொன்னது கிழிவு. அவர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, வேண்டாம் தம்பி என்றார். கட்டு ஒவ்வொன்றாக அறுவதை ஏற்கெனவே வாழ்ந்தாகிவிட்டது, அதையே வானத்தில் ஒருமுறை எழுத வேண்டுமா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வெற்றிடச் சிதைவை எடுத்திருக்கிறார். போன ஞாயிறு வாசித்த பகுதியில், வியாழக்கிழமைக்கு அனுப்பிய வண்டி வரவில்லை. அந்தப் பெண் யாரிடமும் எதுவும் சொல்லாமல், செவ்வாய் விடியற்காலையில் காசிமேடு ஏலத்துக்குப் போய் ஒரு கிலோ சங்கரா வாங்கி, ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போக முதல் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அதுவரைதான் எழுதியிருக்கிறார்.